மலையில் இருந்து ஐரோப்பாவுக்கு: முதல் தடவை சோடியாகப் போகிறவர்களுக்கு

"மலையில் இருந்துகொண்டு இன்னொரு மலையைப் பார்க்கவா இவ்வளவு காசு?" என்று கேட்டார் என் மாமியார். பதில் சொல்ல எங்களுக்கு ஐந்து வருடம் எடுத்தது. நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இவர், என் கணவர், தோட்ட ஆபீஸில் கிளாக்கர். வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பிள்ளை இல்லை, கடை கண்ணி இல்லை. ஐந்து வருடம் சேர்த்தோம், ஒரு தடவை விசா மறுக்கப்பட்டது, இரண்டாம் தடவை கிடைத்து, ஒரு ஏப்ரலில் 12 இரவு போய் வந்தோம்.

இப்போது தெரிந்தவர்கள் போக நினைத்தால் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள். எந்த ஊர் வடிவு, எங்கே ஃபோட்டோ எடுக்கலாம் என்றுதான் தொடங்குவார்கள். நான் திருப்பிக் கேட்பது, "பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது?" என்று. விளையாட்டுக்கு அல்ல. விசா கொடுக்கிறவர் உங்கள் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. அவர் கைக்குப் போவது ஒரு கோப்பு மட்டும்தான். அந்தக் கோப்பு உண்மையான ஒரே கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையகத்து ஆட்களுக்குச் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பாயை விரித்துப் பத்திரங்களைப் பரப்புங்கள்

போக நினைக்கும் மாதத்துக்கு ஒரு வருடம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இருவருடைய பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோட்டத்தில் பிறந்த எங்களில் பலருடைய பெயர், யாரோ சொல்ல யாரோ எழுதியது. பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, பாடசாலைப் பதிவில் இன்னொன்று. ஆங்கிலத்துக்குப் போகும்போது அது நாலு விதமாகும். அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முழுதாக இருக்கும், இன்னோரிடத்தில் தலையெழுத்தாக மட்டும். ஊரில் இதையெல்லாம் யாரும் பொருட்படுத்துவதில்லை. விண்ணப்ப மையத்தில் கணினிக்கு முன்னால் இருக்கும் பிள்ளைக்கு மூன்றும் மூன்று ஆட்கள்.

சின்ன வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து கோப்பில் வைக்கலாம். பெரிய பிழை, அதாவது பிறந்த திகதி மாறியிருப்பது, பெயரே வேறாக இருப்பது போன்றவற்றைப் பிரதேச செயலகத்தில் திருத்தத்தான் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் ஒரு வருடம் என்று சொன்னேன். பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே திருத்துங்கள். பிழையான பெயரில் பாஸ்போர்ட் எடுத்தால் அந்தப் பிழை 10 வருடம் கூடவே வரும்.

அடுத்தது கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, இரண்டு பிள்ளையும் பெற்று, இன்னும் பதிவு செய்யாத சோடிகள் எனக்கே சிலரைத் தெரியும். பதிவாளரிடம் போய்ப் பதியுங்கள். கணவன் மனைவி என்பதற்குத் தூதரகம் ஏற்கும் அத்தாட்சி அந்தச் சான்றிதழ்தான், கல்யாண ஆல்பம் அல்ல. சிங்களத்திலோ தமிழிலோ உள்ள சான்றிதழ்களுக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு பத்தரமுல்லைக்குத்தான் ஓட வேண்டும் என்று இல்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கண்டியிலும் கிளை இருக்கிறது, நாளை இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் மூன்று விஷயத்தைப் பாருங்கள். எடுத்து 10 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

எங்கே, எத்தனை நாள்

ஐரோப்பா என்று ஒரே சொல்லில் சொன்னாலும், விசாவைப் பொறுத்தவரை முக்கியமானது ஷெங்கன் வலயம். 29 நாடுகள், ஒரே விசா, உள்ளே போனபின் பெரும்பாலும் எல்லையில் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து எல்லாம் இதற்குள் வரும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. பிரித்தானியாவும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. "அப்படியே லண்டனுக்கும் ஒரு எட்டு போய்..." என்று யாராவது சொன்னால், அது இன்னொரு விசா, இன்னொரு செலவு. அதோடு லண்டன் போய்த் திரும்பி ஷெங்கனுக்குள் வர, பல தடவை நுழையக்கூடிய விசாவும் தேவை. முதல் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

விண்ணப்பிப்பது எந்த நாட்டுக்கு? அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாட்டுக்கு. இன்ன நாடு லேசாகக் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு அங்கே விண்ணப்பித்துவிட்டு, ஹோட்டல் முழுக்க வேறு நாட்டில் போட்டால் கோப்பைத் திறந்த கையோடு தெரிந்துவிடும்.

பத்து நாளில் ஏழு நாடு என்ற சுற்றுலா விளம்பரங்களை நாங்களும் பார்த்தோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு தடவையும் சாமான் கட்டி, ஹோட்டலை விட்டு, ஸ்டேஷன் தேடி, அடுத்த ஹோட்டல் கதவைத் திறப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஏழு நாடு என்றால் பஸ் ஜன்னல் வழியாகத்தான் ஐரோப்பா. 12 இரவுக்கு மூன்று இடம் போதும். நாங்கள் பாரிஸில் 4, சுவிஸில் 6, மிலானில் 2 என்று பிரித்தோம். அதனால் சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பித்தோம்.

இடத்தைத் தெரிவு செய்ய நாங்கள் செய்த ஒரு வேலை நல்லபடி முடிந்தது. ஆளுக்கொரு தாளில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், கட்டாயம் பார்க்க வேண்டிய மூன்றை எழுதினோம். இவர் எழுதிய மூன்றிலும் ரயில் இருந்தது. நான் லூவர் அருங்காட்சியகம், ஒரு பெரிய ஏரி, எந்த வேலையும் இல்லாமல் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருப்பது என்று எழுதியிருந்தேன். ஈஃபில் கோபுரத்தின் உச்சிக்கு ஏறுவது இரண்டு தாளிலும் இல்லை. கீழே நின்று பார்த்தோம், டிக்கெட் காசு மிச்சம்.

காலம் பற்றிச் சுருக்கமாக. ஆசிரியர்களுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைதான் வழி. ஓகஸ்டில் கூட்டமும் விலையும் உச்சம், பாரிஸில் சின்னக் கடைகள் பல மூடிக் கிடக்கும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஏப்ரலில் பாரிஸ் வெயில் இரவு 8 மணி தாண்டியும் இருக்கும், குளிரும் நுவரெலியாவின் ஜனவரி அளவுதான். குறை என்னவென்றால் ஆல்ப்ஸில் சில மலை ரயில்களையும் தொங்கு வண்டிகளையும் அந்த மாதத்தில் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள், உயரத்து நடைபாதைகளில் பனி கிடக்கும். லீவு உங்கள் கையில் என்றால் யோசிக்காமல் செப்டெம்பரில் போங்கள்.

கோப்பு

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு இதில்தான் அடி விழுந்தது.

முதல் தடவை எங்களுக்குச் சீட்டு விழுந்தது. அந்தக் காசையும் கையில் இருந்ததையும் மொத்தமாக வங்கியில் போட்டுவிட்டு, இரண்டு கிழமையில் வங்கிக் கூற்று எடுத்துக்கொண்டு ஒரு தூதரகத்துக்கு விண்ணப்பித்தோம். மறுத்துவிட்டார்கள். செலவுக்கான பணம் எப்படி வந்தது என்று தெரியவில்லை, திரும்பிப் போவீர்கள் என்பதில் சந்தேகம் என்ற இரண்டு கட்டங்களில் அடையாளம் போட்டிருந்தது. இவருக்குக் கோபம். எனக்கு அழுகை. ஆறிய பிறகு அந்தக் கூற்றை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதம் சம்பளம் வருவதும் போவதுமாக இருந்த கணக்கில் கடைசிப் பக்கத்தில் மட்டும் மலை மாதிரி ஒரு தொகை. நானே அதிகாரியாக இருந்தாலும் யாரிடமோ கடன் வாங்கிக் காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பேன்.

இரண்டாம் தடவை செய்தது இது. காசை ஏழு மாதம் கணக்கிலேயே விட்டோம். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதி அதில் சேர்வது தெரிகிற மாதிரி வைத்தோம். சீட்டுக் காசு எப்படி வந்தது என்று ஒரு கடிதத்தில் எழுதி, சீட்டுக் கொப்பியின் பிரதியையும் வைத்தோம். நகை விற்ற காசோ, காணிப் பங்கோ, ஊழியர் சேமலாப நிதியோ, எதுவாக இருந்தாலும் பெரிய தொகை வந்தால் அதன் பக்கத்தில் ஒரு தாள் இருக்க வேண்டும். முன்பு மறுக்கப்பட்டதை மறைக்கவும் முயலாதீர்கள், அவர்கள் கணினியில் அது இருக்கிறது. நாங்கள் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டோம்.

அடுத்த கேள்வி, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம். கொழும்பில் ஒரு வீட்டு உறுதியைப் போட்டோக் கொப்பி எடுத்து வைத்துவிடுவார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற எங்களில் பலருக்குக் காணி உறுதி கிடையாது, தலைமுறை தலைமுறையாக இருந்த காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். அதனால் வேறு வேரைக் காட்ட வேண்டும். எத்தனை வருடம் வேலை, என்ன சம்பளம், எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை லீவு, எப்போது திரும்ப வேலைக்கு வர வேண்டும் என்று எழுதிய வேலைக் கடிதம். பத்துப் பதினைந்து வருடமாகக் காசு சேர்ந்திருப்பதைக் காட்டும் சேமலாப நிதிக் கூற்று. பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் இருந்து ஒரு கடிதம். உங்களை நம்பி வயதான பெற்றோர் இருந்தால் அதற்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் வெளிநாட்டு லீவு அனுமதியை முறைப்படி எடுக்க வேண்டும். அது மேசை மேசையாக நகரும், இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

சோடியாகப் போனாலும் விண்ணப்பம் ஆளுக்கொன்று. இரண்டு கோப்பிலும் திருமணச் சான்றிதழ், இரண்டிலும் ஒரே பயணத் திட்டம். ஒருவருக்கு வருமானம் இல்லையென்றால், அவருடைய செலவை நான் ஏற்கிறேன் என்று மற்றவர் கையெழுத்துப் போட்ட கடிதமும் வங்கிக் கூற்றும் அந்தக் கோப்பிலும் இருக்க வேண்டும்.

எவ்வளவு காசு காட்ட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சுவிஸுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 பிராங்க் என்பது கணக்கு. பிரான்ஸில் ஹோட்டல் பதிவு இருந்தால் 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ. இது ஆகக் குறைந்த அளவு, அதற்கு மேலே கொஞ்சம் இருப்பது நல்லது. உறவினர் வீட்டில் தங்குவதென்றால் ஃபோனில் வாங்கோ என்றால் போதாது. பிரான்ஸில் இருப்பவர் தன் ஊர் நகரசபையில் அதற்கென்று உள்ள வரவேற்புச் சான்றிதழை எடுத்து அனுப்ப வேண்டும்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனில் 80 இலிருந்து கூடியது. மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தால் காசு திரும்பாது. பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் செல்லுபடியாகும்படி, நோயாளியை நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்ந்ததாக எடுக்க வேண்டும். இலங்கைக் காப்புறுதிக் கம்பனிகளே தருகின்றன. ஹோட்டல்களைப் பிறகு காசில்லாமல் ரத்துச் செய்யக்கூடிய விதமாகப் பதியுங்கள். விமான டிக்கெட்டுக்கு முன்பதிவுத் தாள் போதும், விசா கைக்கு வரும்வரை முழுக் காசு கட்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பக்கக் கடிதம். யார் நாங்கள், ஏன் போகிறோம், எந்த நாள் எந்த ஊர், காசு யாருடையது, எப்போது திரும்புகிறோம். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும் ஆங்கிலத்தில் எழுதினேன்.

"விசா நூற்றுக்கு நூறு" என்று சொல்லும் ஏஜன்ட் யாரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம். படிவம் நிரப்ப உதவி கேட்பதில் குற்றமில்லை. ஆனால் பொய்யான வேலைக் கடிதம் ஒன்று பிடிபட்டால் ஏஜன்ட் அல்ல, நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

கொழும்புக்குப் போகும் நாள்

பயணத்துக்கு 6 மாதம் முன்பு தொடங்கி 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. நடைமுறையில் நேரம் கிடைப்பதே கஷ்டம், மூன்று நாலு மாதம் இருக்கும்போதே நாளைப் பதிந்துவிடுங்கள். பல நாடுகளின் விண்ணப்பங்களைக் கொழும்பில் தனியார் மையங்கள்தான் வாங்கி அனுப்புகின்றன. இருவரும் நேரில் போக வேண்டும், பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள்.

காலை 9 மணி நேரத்துக்கு விடிய 3 மணி பஸ்ஸை நம்பிப் புறப்படாதீர்கள். முந்தின நாளே போய்க் கொழும்பில் தங்குங்கள். மழை பெய்தால் எங்கள் பாதை என்ன ஆகும் என்று மலையில் இருக்கிறவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பாதையும் ரயில் வழியும் ஒன்றாகத்தானே அறுந்தன.

முடிவு வழமையாக 15 நாளில் வரும், சிலவேளை 45 நாள் வரை இழுக்கும். விசா ஒட்டி வந்ததும் அதை வாசியுங்கள். அதில் எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை என்று ஒரு இடைவெளி, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக ஒரு எண், எத்தனை தடவை நுழையலாம் என்று இன்னொரு எண். இடைவெளி 27 நாளாக இருந்து, தங்கும் நாள் 12 என்று போட்டிருந்தால் 12 தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 2025 ஒக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக வருகையையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். நாட்களை இனி இயந்திரமே எண்ணும், ஒரு நாள் கூடினாலும் தெரியும்.

டிக்கெட்டும் ரயிலும்

விமானத்தில் ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறும்படி டிக்கெட் எடுங்கள். நாங்கள் பாரிஸில் இறங்கினோம், மிலானில் ஏறினோம். போன வழியிலேயே திரும்பும் ஒரு நாளும் ரயில் காசும் மிச்சமாகியது. டோஹா, துபாய், அபுதாபி வழியாகப் போகும் டிக்கெட்டுகளில் இப்படி எடுப்பது பெரும்பாலும் வழக்கமான விலையை ஒட்டியே வரும்.

பாரிஸில் இருந்து சூரிச்சுக்கு அதிவேக ரயிலில் நாலு மணித்தியாலம். இதற்கும் இத்தாலியின் வேக வண்டிகளுக்கும் சில மாதம் முன்பே டிக்கெட் எடுத்தால் மலிவு, கடைசி நாளில் எடுத்தால் கண்ணைக் கட்டும். சுவிஸுக்குள் ஓடும் சாதாரண வண்டிகளுக்கு ஆசன முன்பதிவு தேவையில்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். எல்லாவற்றையும் உள்ளடக்கும் பயண அட்டை ஒன்றும், டிக்கெட் விலையைப் பாதியாக்கும் அட்டை ஒன்றும் விற்கிறார்கள். தினமும் தூரம் போகிறவருக்கு முதலாவது, ஒரே ஊரில் இருந்து சுற்றுகிறவருக்கு இரண்டாவது. உங்கள் திட்டத்தை எழுதி இரண்டுக்கும் கூட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள். இத்தாலியில் காகித டிக்கெட்டோடு உள்ளூர் வண்டியில் ஏறுகிறீர்கள் என்றால், மேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் அதை முத்திரை குத்த வேண்டும். மறந்தால் தண்டம்.

இனி இவருடைய பகுதி. சூரிச்சில் இருந்து மிலானுக்கு நேர் வண்டி, 2016 இல் திறந்த 57 கிலோமீற்றர் கொட்ஹார்ட் அடிச் சுரங்கத்துக்குள்ளால் போகும். வேகம்தான், ஆனால் பார்க்க இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. மேலால் போகும் பழைய மலைப் பாதையில் இன்னும் வண்டி ஓடுகிறது. அதில் வாஸன் என்ற ஊரில் ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறும்போது ஒரே தேவாலயம் மூன்று உயரத்தில் மூன்று தடவை தெரியும். தெமோதரையில் மலையைச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகும் எங்கள் பாதையைப் பார்த்து வளர்ந்த ஆளுக்கு அதைக் காணும்போது என்ன இருக்கும்! மனுஷன் பிள்ளை மாதிரி ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினார். சுவிஸின் பேர்னினா ரயில் பாதையும் அப்படித்தான், 2,253 மீற்றர் வரை பற்சக்கரம் இல்லாமலே ஏறுகிறது. எங்கள் ரயில் பாதையின் உச்சி, பட்டிப்பொலவுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட 1,900. கண்ணாடிக் கூரை போட்ட பேர்னினா எக்ஸ்பிரஸுக்கு ஆசனப் பதிவுக் கட்டணம் தனியாக உண்டு. அதே தண்டவாளத்தில் போகும் சாதாரண வண்டிக்கு அது இல்லை, ஜன்னலையும் திறக்கலாம்.

மலை உச்சிக்குப் போகும் டிக்கெட்டுகள் விலை கூட. 3,454 மீற்றரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் ஸ்டேஷனுக்குப் போக நினைத்தால், அன்று காலை உச்சியின் நேரடிக் கமராவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவுக்குப் போய் மூடுபனியின் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு ஏன் என்று புரியும். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நடந்தோம், அதற்குக் காசே இல்லை. கிட்டத்தட்ட 300 மீற்றர் உயரத்தில் இருந்து ஸ்டௌப்பாக் நீர்வீழ்ச்சி விழுகிறது, எங்கள் பம்பரக்கந்தையை விடக் கொஞ்சம் உயரம். இன்னொன்று, பக்கத்து இண்டர்லாக்கன் நகரம் 570 மீற்றரில் இருக்கிறது. ஹட்டன் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம். மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பள்ளத்துக்குத்தானே போயிருக்கீங்க" என்றார்.

உடுப்பு, சாப்பாடு, இன்ன பிற

குளிருக்குப் பழகியவர்கள் நாம், அதனால் ஏமாறுகிறோம். எங்கள் குளிர் வீட்டுக்குள்ளும் இருக்கும். அங்கே வெளியே குளிர், உள்ளே சூடு. தடித்த ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டால் கடைக்குள் வேர்க்கும், கழற்றினால் வெளியே நடுங்கும். மெல்லிய மூன்று அடுக்காகப் போடுங்கள், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். அதை நுவரெலியா பேல் பஜாரிலேயே வாங்கலாம், நாங்கள் இருவரும் அங்கேதான் எடுத்தோம். சப்பாத்துக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள், வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழகிய பிறகு கொண்டு போங்கள்.

பால்மாப் பக்கெட், பால்தோசி, இறைச்சி வகை எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். வெளிநாடுகளில் இருந்து வருகிறவர்கள் பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. கறிவேப்பிலைக் கட்டுக்கும் அதே கதி. தேயிலை கொண்டு போகலாம், கட்டாயம் கொண்டு போங்கள். அங்கே தேத்தண்ணி கேட்டால் வெந்நீரும் பக்கத்தில் ஒரு பையும் வரும். பல ஹோட்டல் அறைகளில் கேத்தலும் இல்லை. சின்னக் கேத்தல் ஒன்றும் தொழிற்சாலைத் தேயிலை கால் கிலோவும் எங்கள் பெட்டியில் இருந்தன.

தினமும் கடையில் சாப்பிட்டால் சுவிஸில் காசு கரைந்துவிடும். குசினி உள்ள அறை எடுத்து, சுப்பர் மார்க்கெட்டில் வாங்கிச் சமையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், போத்தல் வாங்க வேண்டாம். பாரிஸில் சோறு தேடினால் லா ஷப்பெலுக்குப் போங்கள், இடியப்பமும் கொத்தும் தமிழ்ப் பெயர்ப்பலகையும் இருக்கும். கடைக்காரர் "எவடம் தங்கச்சி நீங்கள்?" என்று கேட்டார். ஹட்டன் என்றதும் மரக்கறிக்குக் காசு வாங்கவில்லை.

கார்ட்டை வெளிநாட்டில் பாவிக்கும்படி வங்கியில் சொல்லித் திறந்து கொள்ளுங்கள். இயந்திரம் "ரூபாயில் அறவிடவா, யூரோவில் அறவிடவா?" என்று கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள், ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விலை நட்டம். சுவிஸில் காசு பிராங்க். ஐரோப்பிய ஒன்றிய சிம் பலதுக்கு சுவிஸில் டேட்டா வேலை செய்யாது, வாங்கும்போது கேளுங்கள். எங்கள் மூன்று முள் சார்ஜர் அங்கே பொருந்தாது, மெல்லிய உருண்டை முள் இரண்டு உள்ள தட்டையான பிளக் எல்லா இடத்திலும் போகும். அவசரத்துக்கு 112.

சோடியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. கார்ட், காசு, பாஸ்போர்ட் பிரதி இவற்றை இருவரும் பிரித்து வைத்திருங்கள். ஒருவர் தொலைந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே பேசி வையுங்கள். நாங்கள் பேசவில்லை. பாரிஸ் மெட்ரோவில் இவர் ஏறினார், கதவு மூடிவிட்டது, நான் மேடையில். ஃபோன் இரண்டும் இவருடைய பையில். நான் அடுத்த வண்டியில் ஏறி அடுத்த ஸ்டேஷனுக்குப் போனேன், இவர் அங்கே இறங்கி எதிர் வண்டியில் என்னைத் தேடித் திரும்பி வந்தார். முக்கால் மணித்தியாலம். அதன் பிறகு விதி போட்டோம்: ஏறியவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அசையாமல் நிற்பது, விடுபட்டவர் அடுத்த வண்டியில் வருவது.

திரும்பி வந்ததும் போர்டிங் பாஸ், ரயில் டிக்கெட், ஹோட்டல் பில் எதையும் குப்பையில் போடாதீர்கள். விசா ஒட்டிய பக்கத்தின் பிரதியோடு பழைய கோப்பிலேயே போட்டு வையுங்கள். அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போது, சொன்ன நாளில் திரும்பி வந்தவர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. எங்கள் கோப்பு அலுமாரிக்கு மேலே, மாமியாரின் புடைவைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.